கணக்குச் செயலி எழுதுகிற நண்பர்களுக்கு: கமா எங்கே விழ வேண்டும் என்று படிப்பவரைக் கேளுங்கள்

நண்பர்களுக்கு வணக்கம்.

நான் திருப்பூரில் ஏற்றுமதி அலுவலகங்களுக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கிறவன், 14 வருஷமாக இதுதான் தொழில். ஆர்டர் ஷீட், நூல் கணக்கு, டையிங் பில், சனிக்கிழமை சம்பளம், பேக்கிங் லிஸ்ட், இன்வாய்ஸ் என்று ஒரு பனியன் கம்பெனியில் எண் ஓடுகிற இடமெல்லாம் என் நிரலும் ஓடியிருக்கிறது. நீங்கள் சென்னையிலோ கோவையிலோ பெங்களூரிலோ உட்கார்ந்து பில்லிங் செயலி, கடன் செயலி, வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்புகிற செயலி என்று எழுதிக்கொண்டிருப்பீர்கள். உங்களிடம் ஒரே ஒரு விஷயத்தைப் பற்றிப் பேச வேண்டும்: எண்ணையும் பணத்தையும் நீங்கள் திரையில் காட்டுகிற விதம், அப்புறம் திரையிலிருந்து திரும்ப வாங்குகிற விதம். வேலைப் பட்டியலில் கடைசியில் வைத்து, வெளியீட்டுக்கு முந்தின நாள் சாயங்காலம் ஒரு வரியில் முடித்துவிடுகிற வேலை இது என்று எனக்குத் தெரியும், நானும் அப்படித்தான் முடித்திருக்கிறேன், அதனால் என்ன நடந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒரு கம்பெனிக்கு ஜெர்மனியிலிருந்து ஆர்டர் வந்தது. எக்செல்லை சிஎஸ்வியாக, அதாவது கட்டங்களை ஒரு குறியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பாக, மாற்றி அனுப்பியிருந்தார்கள். ஒரு ஸ்டைலுக்கு ஸ்மால் 850, மீடியம் 1.200, லார்ஜ் 1.450, எக்ஸ்ட்ரா லார்ஜ் 900. ஜெர்மனியில் ஆயிரத்தைப் பிரிக்கப் புள்ளி வைப்பார்கள், தசமத்துக்குக் கமா வைப்பார்கள், நமக்கு நேர் தலைகீழ். அவர்கள் ஊர் சிஎஸ்வியில் கட்டங்களுக்கு நடுவே கமா வராது, அரைப்புள்ளிதான் வரும் என்பது வரைக்கும் எனக்குத் தெரிந்திருந்தது, அதற்கு நிரல் எழுதியிருந்தேன். உள்ளே இருக்கும் எண்ணைப் பற்றி யோசிக்கவில்லை. மீடியம் 1.2 பீஸ், லார்ஜ் 1.45 பீஸ் என்று நிரல் எடுத்துக்கொண்டது. துணி கிலோவையும் பீஸ் எண்ணிக்கையையும் ஒரே வகைக் கட்டத்தில் சேமிக்கும்படி வைத்திருந்ததால் 1.45 பனியன் என்பதைப் பார்த்து அது மறுப்பும் சொல்லவில்லை. 4,400 பீஸ் இருக்க வேண்டிய இடத்தில் கூட்டுத்தொகை 1,752.65, திரையில் முழு எண்ணாக்கி 1,753. பார்த்தால் ஒரு சாதாரண சின்ன ஆர்டர் மாதிரிதான் இருந்தது. ஆயிரத்துக்குக் கீழே இருந்த வரிகள் எல்லாம் சரியாக வந்துவிட்டதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

அதே கோப்பில் விலை 3,45 யூரோ என்று இருந்தது. கமாவை எடுத்துவிட்டு எண்ணாக மாற்று என்று எழுதியிருந்தேன், ஒரு பனியன் 345 யூரோ ஆகிவிட்டது. அதை ஆர்டரைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசர் பார்த்ததும் பிடித்துக் கையால் திருத்திக்கொண்டார், வேலை அவசரத்தில் என்னிடம் சொல்லவும் இல்லை. அது சத்தம் போடுகிற தவறு. பீஸ் கணக்கில் இருந்த தவறு மூச்சு விடவில்லை. நூல் வாங்கப் போகும்போதுதான், அங்கே பல வருஷமாக நூல் கணக்குப் பார்க்கிற பெரியவர் என்னைக் கூப்பிட்டு, "ஏனுங்க தம்பி, இந்த ஆர்டருக்கு நூலு இவ்வளவுதானுங்களா? கொஞ்சம் பாருங்க" என்றார். அவர் கேட்காமல் விட்டிருந்தால் நிட்டிங் போட்டு, டையிங் முடிந்து, துணி கட்டிங் மேசைக்கு வந்தபிறகுதான் தெரிந்திருக்கும்.

ஜெர்மனிக்காரர் ஒரு தவறும் செய்யவில்லை. எடை அளவுகளுக்கான உலகப் பொது மாநாடு 2003-இல் இதைப் பேசி, தசமக் குறியாகப் புள்ளியும் இருக்கலாம், கோட்டின் மேல் கமாவும் இருக்கலாம் என்றே தீர்மானம் போட்டது. இலக்கங்களை மூன்று மூன்றாகப் பிரிக்க வேண்டுமென்றால் இடைவெளி விடுங்கள், புள்ளியும் வேண்டாம் கமாவும் வேண்டாம் என்றது. அதாவது உலகத்துக்கெல்லாம் ஒரே குறி என்று யாராலும் முடிவு செய்ய முடியவில்லை. பிரான்சில் ஆயிரங்களுக்கு நடுவே இடைவெளி, சுவிட்சர்லாந்தில் மேற்கோள் குறி மாதிரி ஒரு சின்னக் கோடு, இந்தியாவில் வலமிருந்து மூன்று, இரண்டு, இரண்டு இலக்கம். பாரிஸிலும் சூரிக்கிலும் தமிழர் வைத்திருக்கிற கடைகளில் பில்லை அந்த ஊர் வழக்கப்படிதான் அடிக்கிறார்கள், வீட்டுக்கு வந்து ஊர்க் கணக்கைப் பார்க்கும்போது நம் வழக்கப்படி படிக்கிறார்கள், ஒரே ஆள்தான்.

இப்போது நான் உங்களிடம் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் செயலியின் அமைப்புப் பக்கத்தில் ஒரே ஒரு கேள்வி இருக்கிறது: மொழி. பயனர் தமிழ் என்று தேர்ந்தெடுத்த உடனே நீங்கள் இந்தியா என்று எடுத்துக்கொள்கிறீர்கள், இந்தியா என்றால் ₹ என்று எடுத்துக்கொள்கிறீர்கள். மூன்று கேள்விகளை ஒன்றாகச் சுருட்டிவிட்டீர்கள். எந்த மொழியில் படிக்கிறார் என்பது ஒன்று. எந்த ஊர் வழக்கப்படி எண்ணைப் பிரித்துப் பார்க்கிறார் என்பது இன்னொன்று. இந்தத் தொகை எந்த நாணயத்தில் இருக்கிறது என்பது மூன்றாவது, அதற்கும் படிக்கிறவருக்கும் சம்பந்தமே கிடையாது, அது தொகையோடு பிறந்தது. திருப்பூர் ஆள் யூரோ இன்வாய்ஸைத் தமிழ்த் திரையில் பார்க்கும்போது €1,25,000.00 என்று பார்ப்பதில் ஒரு முரணும் இல்லை: மொழி தமிழ், பிரிப்பது இந்திய வழக்கம், பணம் யூரோ.

வேறு மொழிக்காரர்களை விட நமக்கு இது சீக்கிரம் புரிய வேண்டும், ஏனென்றால் தமிழ் ஒரு நாட்டு மொழி இல்லை. இந்திய ரூபாய் நோட்டில் தமிழ் இருக்கிறது, இலங்கை நோட்டில் இருக்கிறது, மொரீசியஸ் நோட்டில் இருக்கிறது, சிங்கப்பூர் நாணயத்தில் நாட்டின் பெயர் தமிழிலும் பொறித்திருக்கிறது. இதில் மூன்றுக்கு ரூபாய் என்றுதான் பெயர், மூன்றும் வேறு வேறு ரூபாய், மதிப்பும் வேறு. ₹ என்ற குறி இந்திய ரூபாய்க்கு மட்டும் உரியது. 2010 ஜூலையில் அரசு அதை ஏற்றுக்கொண்டது, வடிவமைத்த உதயகுமார் தமிழ்நாட்டுக்காரர், உலக மொழி எழுத்துகளுக்கெல்லாம் கணினியில் எண் கொடுக்கிற யூனிகோடில் அந்த வருஷமே இடமும் கிடைத்தது. அப்படிப்பட்ட குறியை, தமிழ் தேர்ந்தெடுத்தார் என்ற ஒரே காரணத்துக்காக யாழ்ப்பாணத்தில் இருக்கிறவரின் மின்கட்டணத்துக்கு முன்னால் வைத்தால் அது அழகுக் குறைவு மட்டும் இல்லை, தொகையே பொய்யாகிவிடுகிறது.

எண்ணைப் பிரிக்கிற வழக்கமும் அப்படித்தான். எந்த ஊரில் எண்ணை எப்படி எழுதுவார்கள் என்பதற்கு உலகம் முழுவதும் நிரல்கள் நம்பியிருக்கிற தரவு, யூனிகோட் கூட்டமைப்பு பராமரிக்கும் சிஎல்டிஆர். அதில் தமிழ் என்பது ஒரே பதிவு இல்லை. தமிழ்-இந்தியா கேட்டால் 12,34,567 வரும், தமிழ்-சிங்கப்பூர், தமிழ்-மலேசியா கேட்டால் 1,234,567 வரும். உண்மையான பழக்கமும் அதுதான், கோலாலம்பூரில் தமிழ்ப் பள்ளியில் படித்தவர் மில்லியன் கணக்கில்தான் வளர்ந்தார். இலங்கையில் இன்னும் கொஞ்சம் நுட்பம்: பேச்சில் பத்து இலட்சம் என்பார்கள், வங்கிச் சீட்டில் 1,000,000.00 என்று அச்சாகியிருக்கும். அவர்களுக்கு எது வேண்டும் என்று அவர்களைத்தான் கேட்க வேண்டும், நம் அனுமானத்தில் ஓட்ட முடியாது.

லட்சக் கமாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை, பொறுத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு லட்சத்து முப்பத்து நான்காயிரத்து ஐந்நூற்று அறுபத்தேழு. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். லட்சம் என்று சொல்கிற இடத்தில் ஒரு கமா, ஆயிரம் என்று சொல்கிற இடத்தில் ஒரு கமா: 12,34,567. கண் கமாவைத் தொடும்போது வாய் அந்தச் சொல்லைச் சொல்லிவிடுகிறது. இதையே 1,234,567 என்று கொடுத்தால் நம் அப்பா அம்மா என்ன செய்கிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? வலது பக்கத்திலிருந்து விரலை வைத்து ஒண்ணு, பத்து, நூறு, ஆயிரம், பத்தாயிரம், லட்சம், பத்து லட்சம் என்று எண்ண ஆரம்பிக்கிறார்கள். கமாக்கள் இருந்தும் இல்லாத மாதிரிதான், சொல்லப்போனால் இல்லாமல் இருந்தால் கூடப் பரவாயில்லை, அந்தக் கமாக்கள் தப்பான இடத்தில் நிறுத்திக் குழப்புகின்றன. வீட்டுக் கடன் பாக்கி எவ்வளவு என்பதைப் படிக்க ஒரு மனிதர் விரல்விட்டு எண்ண வேண்டிய நிலைமையை நம்முடைய ஒரு வரி நிரல் உண்டாக்குகிறது, எனக்கு இதுதான் நிஜமாகவே வலிக்கிறது.

கோடிக்கு மேலே போனால் பேச்சு மறுபடி முதலிலிருந்து தொடங்கும், லட்சம் கோடி என்போம். அதை முழுசாக எழுதினால் 10,00,00,00,00,000, அதை யாராலும் ஒரே பார்வையில் படிக்க முடியாது. அந்த அளவுத் தொகைக்கு இலக்கத்தை விட்டுவிட்டு 1 லட்சம் கோடி என்று சொல்லாகவே காட்டிவிடுங்கள், பட்ஜெட் செய்திகளில் பத்திரிகைகள் அதைத்தான் செய்கின்றன.

சரி, எங்கே தவறுகிறோம் என்று தொழில்முறையாகப் பார்ப்போம். பெரும்பாலும் கமாவை நாமே கையால் போடுவதில்தான். இணையத்தில் ஒரு ரெகெக்ஸ் வரி (எழுத்து வரிசையைத் தேடி மாற்றுகிற கட்டளை) சுற்றிக்கொண்டே இருக்கிறது, மூன்று மூன்று இலக்கமாகப் பார்த்துக் கமா செருகும், நானும் ஒரு காலத்தில் எல்லாத் திட்டத்திலும் ஒட்டியிருக்கிறேன். லட்சம் தெரியாதது அதன் ஒரு குறை. தசமப் புள்ளிக்கு அந்தப் பக்கமும் போய்க் கமா போடுவது இன்னொரு குறை. ஏற்றுமதி அலுவலகத்தில் டாலர் மாற்று விகிதம் நான்கு தசம இடம் வரைக்கும் வரும், 83.4521 என்று கொடுத்தால் 83.4,521 என்று திரும்பி வந்தது. சோதனைக்கு வைத்திருந்த எண்கள் எல்லாவற்றிலும் இரண்டு தசம இடம்தான், அதனால் வாடிக்கையாளர் சொல்லும் வரை தெரியவில்லை.

நிரல் மொழி தரும் வசதியைப் பயன்படுத்தினாலும் அது எதைச் செய்யாது என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஜாவாவோடு வருகிற டெசிமல் ஃபார்மட்டுக்கு #,##,##0 என்று வடிவம் கொடுத்தால் கடைசிக் கமாவுக்கு அப்புறம் இருக்கிற மூன்றை மட்டும் பார்க்கும், முந்தின கமாவைக் கண்டுகொள்ளாது, 1,234,567 என்றே வரும். அதன் ஆவணத்திலேயே இப்படித்தான் நடக்கும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். இரண்டு அளவில் பிரிக்க யூனிகோட் கூட்டமைப்பின் ஐசியு நிரல் நூலகத்தின் டெசிமல் ஃபார்மட் வேண்டும். பைத்தானில் வடிவக் குறியாகக் கமா கொடுத்தாலும் மூன்றுதான், பிஎச்பியின் நம்பர் ஃபார்மட்டும் மூன்றுதான், லோகேல் (மொழியும் ஊர் வழக்கமும் சேர்ந்த அமைப்பு) அறிந்த வழிகள் இரண்டிலும் தனியாக இருக்கின்றன, தேடி எடுக்க வேண்டும். டாட்நெட்டில் மட்டும் குழு அளவாக 3, 2 என்று பட்டியலே கொடுக்கலாம். ஜாவாஸ்கிரிப்டில் 2012-இலிருந்து இதற்கென்று தரநிலையே இருக்கிறது, எல்லா உலாவியிலும் வேலை செய்கிறது, இருந்தும் அந்த ரெகெக்ஸ் வரி சாகவில்லை.

அந்த ஜாவாஸ்கிரிப்ட் வசதியை லோகேல் சொல்லாமல் கூப்பிடுவது அடுத்த பழக்கம். உங்கள் மடிக்கணினியில் விண்டோஸ் இந்திய அமைப்பில் இருக்கும், 12,34,567 என்று அழகாக வரும், "என் மெஷினில் சரியாகத்தானே வருது" என்று அனுப்பிவிடுவீர்கள். இன்வாய்ஸ் பிடிஎஃப் உருவாவது சர்வரில், அது அமெரிக்க ஆங்கிலத்தில் உட்கார்ந்திருக்கும். ஒரே இன்வாய்ஸ் திரையில் ஒரு மாதிரி, பிடிஎஃபில் ஒரு மாதிரி, ஆடிட்டர் போன் பண்ணி எது சரி என்று கேட்பார். சர்வரில் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டுகிற நோட் ஜேஎஸ்ஸில் 2019-இல் 13-ஆம் பதிப்பு வரும் வரை சாதாரணமாக நிறுவினால் ஆங்கிலத் தரவு மட்டும்தான் உள்ளே இருக்கும், தமிழ் கேட்டால் பிழை என்று சொல்லாது, சத்தமில்லாமல் ஆங்கிலத்துக்குப் போய்விடும். பழைய சர்வர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிற அலுவலகங்கள் எனக்குத் தெரியும். அதனால் லோகேலை எப்போதும் வெளிப்படையாகக் கொடுங்கள், கொடுத்தது கிடைத்ததா என்றும் பாருங்கள்.

எக்செல் ஏற்றுமதி பண்ணுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. லட்சக் கமா வர வேண்டும் என்று ஒரு கோடிக்கு மேல் ஒரு வடிவம், ஒரு லட்சத்துக்கு மேல் ஒரு வடிவம், மற்றதற்கு ஒன்று என்று நிபந்தனை போட்ட வடிவத்தைக் கட்டத்தில் பொதித்து அனுப்புகிறீர்கள். கணக்குப் பிரிவு ஆட்கள் பலருக்கும் அது மனப்பாடம். ஆனால் நிபந்தனைக்கு இரண்டு இடம்தான் இருக்கிறது, கழித்தல் தொகை எல்லாம் மூன்றாவதில் போய் விழும், -12,34,567 என்று வர வேண்டியது -1,234,567 என்று நிற்கும். கிரெடிட் நோட் போடுகிற நாளில்தான் தெரியும். எண்ணை எண்ணாகவே அனுப்பி, அவரவர் கணினியின் வட்டார அமைப்பே கமா போடட்டும் என்று விட்டால் இந்தத் தொல்லை இல்லை.

வாங்கும் பக்கம் இன்னும் ஆபத்து. பணம் கட்டும் திரை ஒன்று எழுதியிருந்தேன். கணக்கர் எக்செல்லிலிருந்து 1,25,000 என்று காப்பி பண்ணி ஒட்டினார். அதை எண்ணாக்க ஜாவாஸ்கிரிப்டின் பார்ஸ் இன்ட் கட்டளையைப் போட்டிருந்தேன். அது இலக்கம் அல்லாத எழுத்து வந்ததும் நின்றுவிடும், அதுவரை படித்ததைப் பதிலாகக் கொடுத்துவிடும். பதில் 1. பிழை ஒன்றும் இல்லை, எச்சரிக்கை ஒன்றும் இல்லை. ஒரு டையிங் யூனிட்டுக்கு ஒரு ரூபாய் போனது. வாரக் கடைசியில் ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்கப் பணத்துக்குக் காத்திருந்தவர் அந்த உரிமையாளர், மிகவும் மரியாதையாகத்தான் கேட்டார், "என்னங்க, ஒரு ரூபா போட்டிருக்கீங்க?" என்று. அந்தக் குரல் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. கமாவைக் கண்மூடித்தனமாக நீக்கினால் ஜெர்மன் கோப்பில் நடந்தது நடக்கும், நீக்காமல் விட்டால் இது நடக்கும். எந்த வழக்கப்படி எழுதியது என்று தெரிந்துகொண்டு படிக்க வேண்டும், தெரியவில்லை என்றால் ஏற்காமல் திருப்பிக் கேட்க வேண்டும். 1.200 என்று பீஸ் எண்ணிக்கை வந்தால் "ஆயிரத்து இருநூறா?" என்று கேட்கிற ஒரு பெட்டியை இப்போது வைத்திருக்கிறேன்.

தொகை அடிக்கிற கட்டத்துக்குக் கீழே அதையே சொல்லால் காட்டுங்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். ஒரு லட்சத்து இருபத்தைந்தாயிரம் ரூபாய் என்று கீழே வந்திருந்தால் அந்தக் கணக்கர் ஒரு ரூபாய் என்பதைப் பார்த்த கணமே நிறுத்தியிருப்பார். தமிழில் இதைச் செய்யும்போது சொற்களை வரிசையாக ஒட்டிவிடாதீர்கள். 90 தொண்ணூறு, 900 தொள்ளாயிரம், 9,000 ஒன்பதாயிரம், எண்பதுக்கும் எண்ணூறுக்கும் அப்புறம் வருகிற இந்த வரிசை சூத்திரத்துக்குள் அடங்காது. ஐந்நூறு, ஐந்நூற்று, ஆயிரம், ஆயிரத்து, பின்னால் எண் வருமா வராதா என்பதைப் பொறுத்து வடிவம் மாறும். ஒன்பது நூறு என்று எழுதி வைத்த செயலியை நான் பார்த்திருக்கிறேன், தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டியிருந்தால் ஐந்து நிமிஷத்தில் சொல்லியிருப்பார். ஐசியுவில் தமிழுக்கு எண்ணைச் சொல்லாக்கும் விதிகள் இருக்கின்றன, அங்கிருந்து தொடங்கலாம், ஆனால் வருவதைப் படித்துப் பார்த்துவிட்டு வெளியிடுங்கள்.

வளைகுடாவிலிருந்து பணம் அனுப்புகிற செயலிகளை எழுதுகிறவர்களுக்கு இது. எல்லா நாணயத்துக்கும் நூறு சில்லறை என்று நினைத்து 100-ஐ நேரடியாக நிரலில் எழுதிவிடுகிறோம். குவைத் தினாருக்கு 1000 ஃபில்ஸ். பஹ்ரைன் தினாருக்கும் அப்படித்தான், ஓமான் ரியாலுக்கு 1000 பைசா. ஜப்பானிய யென்னுக்குத் தசமமே கிடையாது. 75.250 தினாரைச் சில்லறையாக்க நூறால் பெருக்கினால் 7,525, அதை வாங்குகிற பக்கம் ஃபில்ஸ் என்று படித்தால் ஏழரை தினார்தான் போய்ச் சேரும். ஒவ்வொரு நாணயத்துக்கும் எத்தனை தசம இடம் என்று நாணயங்களுக்கான உலகத் தரநிலை ஐஎஸ்ஓ 4217 பட்டியலில் இருக்கிறது, அதைக் கேட்டு நடந்துகொள்ளுங்கள். சேமிக்கும்போது சில்லறையை முழு எண்ணாகவோ தசம வகையிலோ சேமியுங்கள், தசமத்தைத் தோராயமாகவே வைக்கிற மிதவை எண் வேண்டாம், 0.1 ஐயும் 0.2 ஐயும் கூட்டினால் அதில் 0.3 வராது என்று உங்களுக்கே தெரியும். கூடவே SGD, USD மாதிரியான நாணயக் குறியீட்டைத் தனிக் கட்டத்தில் வையுங்கள். டாலர் குறியை மட்டும் சேமித்து வைத்தால் சிங்கப்பூர் டாலரா, அமெரிக்க டாலரா, ஆஸ்திரேலிய டாலரா என்று ஒரு வருஷம் கழித்து யாராலும் சொல்ல முடியாது.

பில் பிரின்டர் பற்றி ஒரே வரி: கடையில் இருக்கிற பழைய தெர்மல் பிரின்டர் பலவற்றுக்கு ₹ தெரியாது, கேள்விக்குறியோ வெறுங்கட்டமோ அடிக்கும், அந்த இடத்தில் ஆங்கில எழுத்தில் ஆர்எஸ் என்று அடித்துவிடுவதுதான் நேர்மை. தமிழ் இலக்கங்களைப் போட்டு அழகு பார்க்கலாமா என்று சில வடிவமைப்பாளர்கள் கேட்கிறார்கள். யூனிகோடில் ௧, ௨, ௩ எல்லாம் இருக்கின்றன, முந்திரி, காணி என்று பழைய பின்னங்களுக்கும் 2019-இல் இடம் கிடைத்தது, எனக்கு அதில் மகிழ்ச்சிதான், ஆனால் கடன் தவணைத் தொகையை அதில் காட்டாதீர்கள், படிக்கப் பழகியவர்கள் இன்று மிகக் குறைவு.

கடைசியாக, மேலே சொன்ன சிஎல்டிஆர் தரவிலேயே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. முழு எண்ணைக் கேட்டால் தமிழ்-இந்தியாவுக்கு 12,34,567 என்று லட்சக் கமா வருகிறது. அதே எண்ணைச் சுருக்கிச் சொல் என்று கேட்டால், நான் சோதித்துப் பார்த்த உலாவிகளில், 1.2 மில்லியன் என்று வந்தது. இந்திக்கு அதே இடத்தில் லாக் என்றும் கரோர் என்றும் வருகிறது. திருப்பூரில் மில்லியன் என்று எந்தக் கணக்கரும் சொல்ல மாட்டார், பன்னிரண்டு லட்சம் என்பார். மலேசியத் தமிழருக்கு மில்லியன் சரியாக இருக்கலாம், அவர்களுக்கு அப்படியே இருக்கட்டும், இந்தியாவுக்கு லட்சம், கோடி வேண்டும். இந்தத் தரவு வானத்திலிருந்து விழுவதில்லை. மொழி தெரிந்தவர்கள் கணக்குத் தொடங்கி, திருத்தம் கொடுத்து, வாக்களித்து உருவாகிறது, நம்மைப் போன்றவர்களும் கொடுக்கலாம். உங்களில் யாராவது தமிழ்த் திருத்தங்களில் ஏற்கெனவே வேலை செய்கிறீர்கள் என்றால் இந்த ஒன்றை எடுத்துப் பேசுங்கள், ஆதாரமாகப் பத்திரிகைத் தலைப்புகளும் பட்ஜெட் உரைகளும் வேண்டிய மட்டும் இருக்கின்றன, தொகுத்துக் கொடுக்க நான் தயார். அதுவரை உங்கள் செயலியில் சுருக்க வடிவத்தைத் தமிழில் அப்படியே நம்பாதீர்கள், லட்சத்தையும் கோடியையும் நீங்களே எழுதி வையுங்கள். கையால் எழுதாதே என்று இவ்வளவு நேரம் சொன்னவன் கையால் எழுது என்று சொல்கிற ஒரே இடம் இதுதான்.

உங்கள் அடுத்த வெளியீட்டுக்கு முன்னால் ஒரு மத்தியானம் ஒதுக்கி இதைச் செய்து பாருங்கள். 1234567.5, -1234567.5, 0, 83.4521, 75.250 தினார், 850 யென், ஒரு லட்சம் கோடி. இந்த ஏழையும் தமிழ்-இந்தியா, தமிழ்-இலங்கை, தமிழ்-சிங்கப்பூர், தமிழ்-மலேசியா, ஜெர்மன் என்று ஐந்து அமைப்பிலும் திரையில் காட்டி, பிடிஎஃபில் அடித்து, எக்செல்லில் இறக்கி, அங்கிருந்து காப்பி பண்ணித் திரும்ப உங்கள் கட்டத்திலேயே ஒட்டிப் பாருங்கள். போன எண் திரும்பி வருகிறதா என்று பாருங்கள். அப்புறம் அந்தத் திரையை உங்கள் வீட்டில் பெரியவர் ஒருவரிடம் கொடுத்துத் தொகையை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். விரலை வைத்து எண்ண ஆரம்பித்தால் இன்னும் வேலை பாக்கி இருக்கிறது.

இப்படிக்கு,
திருப்பூரிலிருந்து உங்களைப் போல ஒரு நிரலாளன்